மச்சான் கட்டின 6.5 பிஆர்சி ரைஃபிள்: பேப்பர்ல அடிக்கற தூரமும் மிருகத்தைச் சுடற தூரமும்

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
கொலராடோவுல இருக்கற மச்சான் எல்க் மான் வேட்டைக்குன்னு ஒரு ரைஃபிளை பார்ட் பார்ட்டா வாங்கிக் கட்டியிருக்காப்ல, நான் அங்க போயிருந்தப்ப அதை டெஸ்ட் பண்றதுல கூடவே இருந்தேன், எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க அதான் இந்த இழை. புதுசா வர்றவங்களுக்கு ஒரு விஷயம், நம்ம நாட்டுல வனவிலங்குச் சட்டப்படி விளையாட்டு வேட்டைங்கறதே கிடையாது. நான் 12 போர் ரவைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வெச்சிருக்கறவன், பயிரை நாசம் பண்ற காட்டுப்பன்னியைச் சுட எங்க கேரளப் பஞ்சாயத்து வெச்சிருக்கற லிஸ்ட்ல பேர் இருக்கு, உத்தரவு வந்தா போவேன், அவ்வளவுதான். அமெரிக்காவுல விசிட்டர் விசாவுல போனவன் துப்பாக்கியைக் கையில எடுக்கறதுக்கே சட்டச் சிக்கல் இருக்கு, அதனால சுட்டதெல்லாம் மச்சான், நான் ஸ்பாட்டிங் ஸ்கோப்புங்கற தொலைநோக்கிக்குப் பின்னாடி உக்காந்து காத்தைப் பார்த்துச் சொல்லி நோட்டுல எழுதினேன்.

துப்பாக்கி இதுதாங்க. ரெமிங்டன் 700 ரைஃபிள் அளவுல, தோட்டாவைப் பூட்டிச் சுடற போல்ட் பாகமா செஞ்ச கஸ்டம் ஆக்‌ஷன், கார்பன் ஃபைபர் சுத்தின ப்ரூஃப் ரிசர்ச் பேரல் 24 இஞ்ச், உள்ள இருக்கற காடி 8 இஞ்சுக்கு ஒரு முறுக்கு, ட்ரிகர்டெக் ட்ரிகர், ஃபைபர் கிளாஸ் ஸ்டாக், நைட்ஃபோர்ஸ் ஸ்கோப். கார்ட்ரிட்ஜ், அதாவது தோட்டா, 6.5 பிஆர்சி. இது ஹார்னடி 2018ல கொண்டு வந்தது, 2007ல வந்த 6.5 கிரீட்மூரோட பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. அதே 143 கிரெய்ன் குண்டை, நம்ம கணக்குல ஒம்பதேகால் கிராம் சொச்சம், கிரீட்மூர் செகண்டுக்கு 2700 அடி வேகத்துல தள்ளுதுன்னா இது 2960 அடின்னு கம்பெனி போடறான். முன்னூறு வின் மேக்னம்ங்கற பெரிய தோட்டா அளவுக்குத் தோள்ல உதைக்காது, மலை ஏறி இறங்கறதுக்கு ஸ்கோப்போட சேர்த்து வெயிட்டும் ஒத்து வந்தது. மொத்தச் செலவு அஞ்சாயிரம் டாலரைத் தாண்டிருச்சு.

டெஸ்ட் பண்ணினதை அடுத்த பதிவுல விரிவா எழுதறேன், அதுலதான் விஷயமே இருக்கு.

கடைசல்_பட்டறை:
அண்ணா நான் கோயமுத்தூர் சிட்கோவுல லேத் ஓட்டறவன், துப்பாக்கி எனக்கு சம்பந்தமில்லாத சமாச்சாரம் ஆனா வேலைப்பாடு தெரிஞ்சுக்க ஆசை. பேரலை எப்படி செண்டர் பண்றாங்க? எவ்வளவு தௌ (இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) ரன்அவுட், அதாவது சுத்தறப்ப வர்ற ஆட்டம், அலோ பண்றாங்க?

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
தம்பி நல்ல கேள்வி. அந்த வேலையை மச்சான் பண்ணல, அங்க லைசென்ஸ் வெச்சிருக்கற கன்ஸ்மித்கிட்ட குடுத்தாப்ல, நான் ஒரு நாள் கூடப் போய் நின்னு பார்த்தேன். பேரல் நடுவுல இருக்கற ஓட்டை இருக்குல்ல, அது வெளிச் சுத்தோட ஒத்த செண்டர்ல இருக்கும்னு நம்பவே மாட்டாங்க. ஹெட்ஸ்டாக் வழியா பேரலை உள்ள விட்டு ரெண்டு முனையிலயும் நாலு ஸ்க்ரூ, டயல் கேஜை ஓட்டைக்குள்ளயே விட்டு ரெண்டு பக்கமும் அரை தௌவுக்குள்ள வர்ற வரைக்கும் நிமிண்டிக்கிட்டே இருந்தாரு. அதுக்கப்பறம்தான் திரெட், அதுக்கப்பறம்தான் தோட்டா உக்கார்ற குழியைக் குடையற ரீமர். தோட்டா உக்கார்ற ஆழத்தை கோ கேஜ், நோ-கோ கேஜ்னு ரெண்டு வெச்சுப் பார்ப்பாங்க, முதல் கேஜ் மேல போல்ட் மூடணும், ரெண்டாவது கேஜ் மேல மூடக்கூடாது. மூடிட்டா தோட்டாவுக்குப் பின்னாடி இடைவெளி அதிகம்னு அர்த்தம், தோட்டாவோட பித்தளை உறை கிழிஞ்சு சுடறவன் மூஞ்சிக்கே வாயு அழுத்தம் வரும். இதுல மட்டும் அவரு பேச்சே குடுக்கல, யாரும் பக்கத்துல வரக்கூடாதுன்னுட்டாரு.

தென்னந்தோப்பு_இளசு:
செம்ம. அண்ணா நம்ம கோயமுத்தூர்ல இல்லாத லேத்தா, இந்த மாதிரி ஒரு குழல் இங்கயே கடைஞ்சு ஆக்‌ஷன் மட்டும் எங்கயாச்சும் வாங்கினா முடியாதா? எங்க தோப்புல பன்னி குருத்தையே தோண்டிப் போடுது, நட்ட கன்னு ஒண்ணு மிஞ்சல.

கடைசல்_பட்டறை:
தம்பி அந்தப் பேச்சே எடுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியோ அதோட பார்ட்டோ செய்யறது ஆயுதச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்பறம் குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். பட்டறை வெச்சிருக்கறவனுக்கு அதுல ஒரு வரி கூட விளையாட்டு கிடையாது. யாராச்சும் பைப் கொண்டாந்து உள்ள காடி வெட்டிக் குடுங்கன்னு கேட்டா நாங்க கேட்டுக்கு வெளியவே அனுப்பிடுவோம்.

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
கடைசல் தம்பி சொன்னதுதான் கடைசி வார்த்தை. இருக்கற லைசென்ஸ் துப்பாக்கியோட குழலைக் குட்டையா அறுக்கறதுக்குக் கூட அனுமதி வேணும். இந்த இழையில யாரும் இங்கயே செய்யறதைப் பத்தி மேல பேச வேண்டாம்.

சரி டெஸ்ட்டுக்கு வர்றேன். மச்சான் முதல் நாள் நூறு கஜத்துல மூணு ரவுண்டு சுட்டாப்ல, மூணும் ஒரே ஓட்டை மாதிரி, அரை இஞ்சுக்குள்ள. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அடுத்த வாரம் துப்பாக்கி முன்னாடி மாட்டற பை பாட்ங்கற ரெண்டு காலை விரிச்சு முன்னாடி அழுத்திப் படுத்துக்கிட்டு சுட்டா அதே துப்பாக்கி ஒண்ணேமுக்கால் இஞ்ச் போகுது, அதுவும் ஒழுங்கா பரவாம ரெண்டு கூட்டமா பிரிஞ்சு விழுது. ஸ்கோப் ரிங்கா, குண்டா, பேரலே போச்சான்னு ஒவ்வொண்ணா சந்தேகம். ஆக்‌ஷன் ஸ்க்ரூ டார்க் ரெஞ்ச் வெச்சு 65 இஞ்ச் பவுண்டுல பார்த்தா சரியா இருக்கு, ஸ்கோப் பேஸ் அசையல. கடைசியில பை பாட் மேல வெயிட் போட்டு ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல இழுத்துப் பார்த்தா பாதியில சிக்குது. வெயிட் எடுத்தா சல்லுன்னு போகுது. கார்பன் பேரல் தடிமன் ஜாஸ்தி, ஸ்டாக்கோட முன் பக்கம் கொஞ்சம் வளையுது, வளைஞ்சா ஒரு பக்கம் பேரலைத் தொடுது, தொட்டா பேரல் அதிர்ற விதமே மாறிப் போகுது. கன்ஸ்மித் ஸ்டாக்குல பேரல் உக்கார்ற காடியை அகலப்படுத்தி, ஆக்‌ஷனுக்கு அடியில ஆடாம உக்கார்றதுக்கு எபாக்ஸி பெட்டிங்கும் போட்டுக் குடுத்தாரு. அப்பறம் ரெண்டு கூட்டமா பிரியறது நின்னுபோச்சு.

முதல் நாள் மூணு ரவுண்டை மட்டும் நம்பி மலைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. சுட்டது மேசை மேல மணல் மூட்டை வெச்சு. மலையில மணல் மூட்டை எங்க இருக்கு?

பத்துமீட்டர்_அக்கா:
அண்ணா மூணு ரவுண்டு பத்தி நானும் சொல்லணும், நான் 50 மீட்டர் ரைஃபிள் ப்ரோன், அதாவது படுத்துக்கிட்டு சுடறவ. எங்க டார்கெட்ல பத்து மார்க் வளையம் 10.4 மில்லிமீட்டர், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்ல அது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்த அளவுல நிக்கறவங்க யாரும் மூணு ஷாட்டை ஒரு தகவலா எடுத்துக்கறதில்ல. .22 தோட்டாவுக்கு லாட் டெஸ்டிங்னு ஒண்ணு இருக்கு, எலே, லாபுவா, ஆர்டபிள்யூஎஸ் எதுவா இருந்தாலும் ஒரே பெட்டி ஒரே பேர், ஆனா லாட் நம்பர் மாறினா துப்பாக்கிக்கு பிடிக்கறது மாறும். துப்பாக்கியை வைஸ்ல கவ்வ வெச்சு ஒவ்வொரு லாட்லயும் பத்து பத்தா சுட்டு, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்துத்தான் வருஷத்துக்கு வேண்டியதை வாங்குவாங்க. மூணு ஷாட் அரை இஞ்ச் வந்த துப்பாக்கி இருபது ஷாட்டுக்கு ஒரு இஞ்ச் தாண்டறது சர்வ சாதாரணம், அது துப்பாக்கியோட குத்தம் கிடையாது, அதுதான் அதோட உண்மையான அளவு. உங்க மச்சான் இருபது ஷாட் எடுத்தாரா?

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
எடுத்தாப்லக்கா, பத்து பத்தா பேரலை ஆற விட்டு. மொத்தத்தையும் ஒரே பேப்பர்ல குறிச்சா ஒண்ணேகால் இஞ்சுக்கு ஒரு நூல் கம்மி. முதல்ல மூஞ்சி தொங்கிப் போச்சு, ஆனா நீங்க சொன்ன மாதிரிதான் ரேஞ்ச்ல இருந்த பெரியவரும் சொன்னாரு, வேட்டை ரைஃபிளுக்கு இது அருமையான கணக்குன்னு.

வேகம் அளக்கறதுக்கு கார்மின் ஸீரோன்னு பக்கத்துல வெச்சா போதும் ஒரு சின்ன ரேடார். ஆரம்பத்துல 2900 சொச்சம்தான் காட்டுச்சு, நூறு ரவுண்டு தாண்டினதும் ஒரு நாப்பது அடி தானா கூடுச்சு. புது பேரல்ல இது நடக்கறதுதான், அதனால முதல் நாள் வேகத்தை வெச்சு எந்தத் தூரத்துல குண்டு எவ்வளவு இறங்கும்ங்கற டிராப் சார்ட் போட்டா பின்னாடி எல்லாம் தப்பாப் போகும். அதுக்கப்பறம் ஸ்கோப் டெஸ்ட், உயரமா ஒரு பேப்பர், தூக்குக்குண்டு நூல் விட்டு நேரா ஒரு கோடு, நூறு கஜத்துல ஸ்கோப் குமிழை 10 மில் (மில்ங்கறது கோண அளவு) மேல திருப்பினா குண்டு சரியா 36 இஞ்ச் மேல போகணும், கோட்டை விட்டு சாயவும் கூடாது. சாஞ்சா ஸ்கோப்பை கோணலா மாட்டியிருக்கோம்னு அர்த்தம். இதைப் பண்ணாமலே எழுநூறு எண்ணூறுன்னு பேசறவங்க ரொம்பப் பேரு.

இனி காத்து. இதைத்தான் நான் முக்கியமா எழுத வந்தேன். இருநூறு கஜத்துக்கு ஸீரோ பண்ணினா, அதாவது அந்தத் தூரத்துல குறி வெச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பை வெச்சா, இந்தக் குண்டு ஐநூறு கஜத்துல மூணடி வாக்குல கீழ இறங்கும். கேக்க பயமா இருக்கும், ஆனா அது பிரச்சனையே இல்ல, ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லும், சார்ட் பார்த்து திருப்பினா முடிஞ்சது, பூமி இழுக்கறது இன்னைக்கும் நாளைக்கும் ஒண்ணுதான். காத்து அப்படி இல்ல. மணிக்கு பத்து மைல் குறுக்குக் காத்து அடிச்சா கடல் மட்டத்துக் கணக்குல ஐநூறுல ஒரு அடி தள்ளும், எண்ணூறுல ரெண்டரை அடிக்கும் மேல. பத்துன்னு நினைச்சது நிஜத்துல ஆறா இருந்தா ஐநூறுலயே அஞ்சு இஞ்ச் தப்பு. நெஞ்சுன்னு நினைச்சது வயிறு ஆயிரும்.

நம்ம பக்கம் காத்துக்குப் பொறந்தவங்க, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல வேலந்தாவளத்துல நிக்கறவனுக்கும் கஞ்சிக்கோட்டுல நிக்கறவனுக்கும் ஒரே வேகம் அடிக்காது. தென்னை மட்டை ஆட்டத்தைப் பார்த்தே எங்கப்பா மருந்தடிக்கலாமா வேண்டாமான்னு சொல்லிடுவாரு. அங்க ஒரு பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் இரும்புத் தட்டு. எங்க மூஞ்சியில காத்தே இல்ல, காத்து வேகம் அளக்கற கெஸ்ட்ரல் மீட்டர் ரெண்டு மைல் காட்டுது. ஸ்பாட்டிங் ஸ்கோப்ல பாதி தூரத்துக்கு ஃபோகஸ் வெச்சா கானல் ஆறு மாதிரி இடமிருந்து வலமா ஓடுது, தட்டுக்குப் பக்கத்துல புல்லு எதிர்ப்பக்கம் சாயுது. ஒரு குண்டு போற வழியில மூணு காத்து. எந்த மெஷினும் நம்ம நிக்கற இடத்துக் காத்தைத்தான் அளக்கும். மச்சான் என் பேச்சைக் கேட்டு ஒரு தடவை அடிச்சாப்ல, குண்டு போற கணக்கைப் போடற ஃபோன் ஆப் சொன்னபடி ஒரு தடவை, தட்டுல விழுந்த இடம் ரெண்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம்.

முதலமடை_மாந்தோப்பு:
தம்பி எல்லாம் படிச்சேன், உழைப்பு தெரியுது. ஆனா மனசுல பட்டதைச் சொல்லீடறேன். ஐநூறு, எண்ணூறு கஜத்துல நின்னு சுடறதை நான் வேட்டைன்னு ஒத்துக்க மாட்டேன். மிருகத்துக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு, அது ரெண்டையும் தாண்டி பக்கத்துல போறதுதான் வேட்டைக்காரனோட வேலையே. எங்க தாத்தா காலத்துல நெல்லியாம்பதி அடிவாரத்துல போனவங்க அப்படித்தான் போனாங்க. அமெரிக்காவுலயே இதைப் பேசியிருக்காங்க, 1887ல தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பு நேர்மையான வேட்டைன்னு ஒரு விதி வெச்சிருக்கு, மிருகத்துக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கணும்னு. குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அது ஒரு எட்டு வெச்சா என்ன பண்ணுவீங்க? குடல்ல பட்டு ரெண்டு நாள் கிடந்து சாகும்.

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
ஐயா நீங்க சொன்ன கடைசி விஷயத்துக்கு என்கிட்ட மறுப்பே இல்ல. ஐநூறு கஜம் போக இந்தக் குண்டுக்கு அரை செகண்டுக்கு மேல ஆகுது, எண்ணூறுக்கு கிட்டத்தட்ட ஒரு செகண்டு. மேஞ்சுக்கிட்டிருக்கற மான் ஒரு எட்டு வெக்க அது தாராளம். துப்பாக்கி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும், சுடறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் இதை யாரும் குறைக்க முடியாது.

அதனாலதான் மச்சான் கடைசியா ஒரு டெஸ்ட் வெச்சாப்ல. பத்து இஞ்ச் இரும்புத் தட்டு. காலையில வண்டியை விட்டு இறங்கி, மேடு ஏறி மூச்சு வாங்கும்போது, பேரல் குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு குண்டு. படுத்துக்கிட்டு இல்ல, பை மேல வெச்சு உக்காந்துக்கிட்டு, இல்லேன்னா குச்சி மேல வெச்சு. அன்னைக்கு அதோட சரி. தூரத்தையும் காத்தையும் நோட்டுல எழுதிட்டு அடுத்த தடவை வேற தூரம், வேற சாய்வு. ரெண்டாவது குண்டுல திருத்தி அடிச்சது எதுவும் கணக்குல கிடையாது, ஏன்னா மிருகம் ரெண்டாவது குண்டுக்கு நிக்காது. அந்த நோட்டைப் பார்த்தா நானூறு வரைக்கும் தவறாம பட்டிருக்கு. ஐநூறுல காத்து இல்லாத நாள்ல பட்டிருக்கு, காத்து நாள்ல பட்டும் படாமலும். அறுநூறுல பாதிக்குப் பாதி. அதே துப்பாக்கி படுத்துக்கிட்டு ஆற அமர சுட்டா ஆயிரம் கஜத்துல தட்டு மணி மாதிரி அடிக்குது.

நானூறு, காத்து கம்மியா இருந்தா மட்டும். அதுக்கு மேல சேஃப்டியைக் கூட எடுக்கறதில்லன்னு வெச்சிருக்காப்ல.

முதலமடை_மாந்தோப்பு:
நானூறும் எனக்கு ஜாஸ்திதான். ஆனா குளிர் பேரல்ல ஒரு குண்டு, அதோட சரிங்கறது ஒத்துக்க வேண்டிய முறை. உங்க மச்சானுக்கு என் மரியாதையைச் சொல்லுங்க.

பத்துமீட்டர்_அக்கா:
அந்த நோட்டுல உயரமும் வெப்பநிலையும் எழுதறாரா? டென்வர் பக்கமே 5280 அடி, வேட்டை நடக்கறது இன்னும் மேல இல்லையா?

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
எழுதறாப்லக்கா. ரேஞ்ச் அஞ்சாயிரம் அடி உயரம், வேட்டைக்குப் போற இடம் ஒம்பதாயிரத்துக்கு மேல. காத்து மெல்லிசு, குண்டுக்கு எதிர்ப்பு கம்மி, அதனால ரேஞ்ச்ல போட்ட சார்ட்டை அப்படியே கொண்டு போனா தூரம் கூடக் கூட மேல அடிக்கும். நானூறுக்குள்ள அது ஒண்ணும் பெருசா தெரியல. மேல போனப்பறம் முகாம்ல ஒரு குண்டு போட்டு ஸீரோ மட்டும் சரி பார்த்துக்கறாப்ல.

தென்னந்தோப்பு_இளசு:
அண்ணா செய்யற பேச்சை விட்டுட்டேன். ஆனா பன்னிக்கு லைசென்ஸோட ஒரு நல்ல ரைஃபிள் வாங்கினா என்ன? .315, .30-06 கிடைக்குதுல்ல? எங்க தோப்பு கோபாலபுரம் எல்லையில, பாதி கேரளா, பாதி பொள்ளாச்சி தாலுகா.

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
கிடைக்கும் தம்பி, இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரி ரெண்டும் செய்யுது, லைசென்ஸ் உனக்குக் கிடைச்சா வாங்கலாம். ஆனா பன்னி சுடற எடத்துக்கு அது ஏத்ததில்லன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். மலையில மச்சானுக்கு மானுக்குப் பின்னாடி மண் மேடு இருக்கு, குண்டு அதுல போய் நிக்கும். நம்மளுக்கு ராத்திரி, சமதரை, டார்ச் வெளிச்சம், சுத்திலும் வீடு, சாளை, ரோட்டுல பைக். சின்ன .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போகும், .30-06 எங்க போய் விழும்னு நீயே பாரு. பன்னி வர்றது முப்பது நாப்பது மீட்டர்ல, 12 போர்ல எஸ்ஜி, எல்ஜிங்கற பெரிய ரவைத் தோட்டா அதுக்குப் போதும், ரைஃபிள் குண்டை விட சீக்கிரமே வேகம் செத்துரும்.

எல்லை விஷயம் இன்னும் கவனம். கேரளாவுல 2022லருந்து பஞ்சாயத்துத் தலைவருக்கு கௌரவ வனவிலங்கு வார்டன் அதிகாரம், அவர் உத்தரவு போட்டாத்தான் லைசென்ஸ்காரர் சுடலாம், விஷம், வெடி, கரண்ட் எதுவும் ஆகாது, செத்த பன்னியைப் பொதைக்கணும், கறி எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் 2025 ஜனவரி உத்தரவு வேற மாதிரி, காப்புக் காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வனத்துறை ஆளுங்கதான் சுடுவாங்க, ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள கூண்டு வெச்சுப் புடிக்கறது மட்டும், ஒரு கிலோமீட்டருக்குள்ள அதுவும் இல்ல. எங்க பஞ்சாயத்து உத்தரவு கையில இருந்தாலும் பன்னி உன் தோப்புல பொள்ளாச்சிப் பாதிக்குள்ள நுழைஞ்சா என் துப்பாக்கி கீழ இறங்கணும். நீ ரெண்டு ஆபீஸ்லயும் தனித்தனியா மனு குடு.

பத்துமீட்டர்_அக்கா:
இளசு, சுடற ஆசை நிஜமாவே இருந்தா கோயமுத்தூர்ல ரைஃபிள் கிளப்புல மெம்பர் ஆகுங்க. .177 ஏர் ரைஃபிள் 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸே தேவையில்ல, 2016 விதிப்படி. அதுல ஆறு மாசம் ட்ரிகர் பழகினவங்க பின்னாடி எந்தத் துப்பாக்கி எடுத்தாலும் தெரியும்.

தென்னந்தோப்பு_இளசு:
சரிக்கா விசாரிக்கறேன். மனுவும் எழுதிட்டேன், நாளைக்கு ரெண்டு பக்கமும் குடுக்கறேன். அண்ணா ஒரே கேள்வி, உங்க 12 போரை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க? அதுக்கும் குளிர் பேரல் கணக்கு உண்டா?

கொழிஞ்சாம்பாறை_தோட்டம்:
அதுக்கு வேற கணக்கு. ஒரு ஆள் அகலத்துக்கு அட்டை, நடுவுல பன்னி நெஞ்சு அளவுக்கு ஒரு வட்டம். அனுமதி இருக்கற ரேஞ்ச்ல இருபது மீட்டர், முப்பது, நாப்பதுன்னு ஒவ்வொண்ணுலயும் நீ உபயோகிக்கப் போற அதே தோட்டாவை சுட்டுப் பாரு, எத்தனை ரவை வட்டத்துக்குள்ள விழுதுன்னு எண்ணு. இரட்டைக் குழல்னா ரெண்டு குழலுக்கும் தனித்தனியா, சோக், அதாவது குழல் முனையோட இறுக்கம், வேற வேற இருக்கும். எஸ்ஜி நல்லா வர்ற குழல்ல எல்ஜி பரந்து போகலாம், அது சுட்டுப் பார்க்காம தெரியாது. என்னோட இடது குழல் முப்பத்தஞ்சு வரைக்கும் நம்பலாம், வலது இருபத்தஞ்சு தாண்டினா அட்டையில நடுவுல ஓட்டை விழுந்து சுத்திலும் போயிருது. அந்த அட்டையை உத்தரவுக் காப்பியோட ஃபைல்லயே வெச்சிருக்கேன், கூட வர்ற ஆளுங்களுக்கும் காட்டிட்டுத்தான் தோட்டத்துக்குள்ள இறங்குவோம்.